சைக்கிள் டயரில் எவ்வளவு காற்று அடிக்க வேண்டும்?

சைக்கிள் டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைத் தேடிப் பார்த்து, அந்த அளவுக்குக் காற்றை அடித்துவிட்டுக் கிளம்புவதே நம்மில் பலருடைய வழக்கம். அதிகபட்சம் 85 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று காற்றழுத்தத்தைச் சொல்லும் அலகு) என்று அங்கே இருந்தால், 85 பிஎஸ்ஐதான் அந்த டயருக்கு உரிய அளவு என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த எண், இதற்கு மேல் போகக் கூடாது என்று டயரைத் தயாரித்தவர் வகுத்த எல்லை மட்டுமே. ஓட்டுகிறவர் 50 கிலோ எடையுள்ள கல்லூரி மாணவியா, 95 கிலோ எடையுள்ள அலுவலரா, கேரியரில் மடிக்கணினிப் பை இருக்கிறதா, போகிற வழி புதிதாகத் தார் போட்ட நெடுஞ்சாலையா, குழாய் பதிக்கத் தோண்டி மூடிய தெருவா என்பதை எல்லாம் அந்த எண் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஒரே 32 மில்லிமீட்டர் டயரின் பின்சக்கரத்தில் அந்த மாணவிக்கு 45 பிஎஸ்ஐயை ஒட்டிய அளவே போதும். மூட்டையோடு போகும் அந்த அலுவலருக்கு 85 என்ற எல்லை வரையிலும் போக வேண்டியிருக்கும். இருவரும் ஒரே எண்ணைப் பின்பற்றினால் ஒருவருக்காவது அது தவறாகத்தான் இருக்கும்.

சரியான அளவைத் தீர்மானிப்பவை மூன்று: ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் தனித்தனியாக ஏறும் எடை, டயரின் உண்மையான அகலம், சாலையின் தரம். இம்மூன்றையும் வீட்டிலேயே அளந்தும் கவனித்தும் அறிந்துகொள்ளலாம். ரோடு பைக் என்னும் பந்தய வகைச் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஹைபிரிட் சைக்கிளிலோ சாதாரணக் கறுப்புச் சைக்கிளிலோ அன்றாடம் வேலைக்குப் போய்வருபவர்களுக்கும் முறை ஒன்றுதான். எண்கள் மட்டுமே மாறும்.

டயர் இறுகினால் வேகம் கூடுமா?

டயர் கல்லைப் போல் இறுகியிருந்தால்தான் சைக்கிள் வேகமாக ஓடும் என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியது. அதற்கு ஓரளவு நியாயமும் உண்டு. டயர் உருளும்போது தரையைத் தொடும் பகுதி நசுங்கி, பிறகு மீண்டும் நிமிர்கிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை, ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடுகிறது. காற்று கூடக்கூட நசுங்கல் குறைவதால் இந்த இழப்பும் குறைகிறது. சோதனைக்கூடத்தில் வழவழப்பான எஃகு உருளையின் மேல் டயரை ஓட்டி அளந்தால் அழுத்தம் ஏற ஏற இழப்பு குறைந்துகொண்டே போவது தெரியும். ஆனால், நாம் ஓட்டுவது எஃகு உருளையின் மேல் அல்ல. சொரசொரப்பான சாலையில் மிகவும் இறுகிய டயர் ஒவ்வொரு சிறு மேட்டிலும் சைக்கிளையும் ஓட்டுபவரையும் மேலே தூக்கிப் போடுகிறது. முன்னோக்கிப் போக வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி மேலும் கீழுமான அதிர்வாக மாறி, கைகளிலும் தொடைகளிலும் முதுகிலும் அடங்கிப்போகிறது. ஆகவே ஒவ்வொரு சாலைக்கும் ஓர் அழுத்த அளவு உண்டு. அதைத் தாண்டி அடிக்கும் ஒவ்வொரு பம்ப் காற்றும் வேகத்தைக் கூட்டுவதற்கு மாறாகக் குறைக்கிறது. அந்த அளவுக்குச் சற்றுக் கீழே இருப்பதால் வரும் இழப்பு சிறியது. அதை மீறுவதால் வரும் இழப்பு பெரியது. ஐயம் வந்தால் சற்றுக் குறைவாகவே வைத்துக்கொள்ளலாம் என்று நான் துணிந்து சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தொழில்முறைப் பந்தய வீரர்களின் சைக்கிள்களே இதற்குச் சான்று. ஒரு காலத்தில் 23 மில்லிமீட்டர் டயரில் 110, 120 பிஎஸ்ஐ அடித்து ஓட்டியவர்கள், படிப்படியாக 25க்கும் பிறகு 28, 30 மில்லிமீட்டருக்கும் மாறி, அழுத்தத்தையும் வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். நொடிக் கணக்கில் வெற்றி தோல்வி முடிவாகும் இடத்தில் சொகுசுக்காக மட்டும் யாரும் இப்படிச் செய்வதில்லை. காற்று டயர் பிறந்த கதையும் அதிர்வோடு தொடர்புடையதுதான்: அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கரச் சைக்கிள் கரடுமுரடான தரையில் குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காகவே ரப்பர் குழாயில் காற்றை அடைத்தார், 1888இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். குலுக்கலைப் போக்க வந்த டயரை இறுக்கி இறுக்கி மீண்டும் குலுங்க வைப்பதில் பொருளில்லை.

வேகத்தை விட முக்கியமானது பிடிமானம். டயர் தரையைத் தொடும் பரப்பைத் தோராயமாக ஒரு எளிய கணக்கில் அறியலாம்: சக்கரத்தின் மேலுள்ள எடையை அழுத்தத்தால் வகுத்தால் போதும். 60 பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4.2 கிலோ. சக்கரத்தின் மேல் 42 கிலோ எடை இருந்தால் டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 10 சதுர சென்டிமீட்டர். அதே டயரில் 120 பிஎஸ்ஐ அடித்தால் அது 5 சதுர சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். திடீரென்று பிரேக் பிடிக்கும்போதும் மணல் சிதறிய வளைவில் திரும்பும்போதும் நம்மைக் காப்பது அந்தச் சிறிய பரப்பு மட்டுமே.

இதற்காக டயரைத் தொளதொளவென்று விடுவதும் சரியாகாது. காற்று மிகவும் குறைந்தால் பள்ளத்தில் இறங்கும்போது ரிம்மின் இரு விளிம்புகளும் தரையோடு சேர்த்து டியூபை நசுக்கி, அருகருகே இரண்டு கீறல்களை உண்டாக்கும். பாம்பு கடித்த தடம் போல இருப்பதால் அதைப் பாம்புக்கடிப் பஞ்சர் என்பார்கள். டயரின் பக்கச் சுவர் வெடிப்பு விடுவதும், திருப்பத்தில் சைக்கிள் வழுக்குவது போல் ஆடுவதும், ரிம் நெளிவதும் குறைந்த காற்றின் விளைவுகளே.

முதலில் எடையைக் கணக்கிடுங்கள்

உங்கள் எடையோடு சைக்கிளின் எடை, பை, தண்ணீர்ப் புட்டி, பூட்டு எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மொத்த எடை இரு சக்கரங்களுக்கும் சமமாகப் பிரிவதில்லை. ரோடு பைக்கில் முன்னே குனிந்து ஓட்டும்போது சுமார் 45 விழுக்காடு முன்சக்கரத்திலும் 55 விழுக்காடு பின்சக்கரத்திலும் இறங்குகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஹைபிரிட், சாதாரணச் சைக்கிள் வகைகளில் இது 40க்கு 60 என்ற அளவில் இருக்கும். கேரியரில் சுமையோ ஆளோ இருந்தால் பின்சக்கரத்தின் பங்கு 70 விழுக்காட்டையும் தொடலாம். இரண்டு டயரிலும் ஒரே அளவு காற்று அடிக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டியது இதனால்தான்.

தோராயம் போதாது என்று நினைப்பவர்கள் வீட்டில் எடை பார்க்கும் கருவி ஒன்றை வைத்தே இதை அளந்துவிடலாம். பின்சக்கரத்தைக் கருவியின் மேல் நிறுத்தி, முன்சக்கரத்துக்குக் கீழே அதே உயரத்தில் பலகையோ புத்தகங்களோ வைத்து, சுவரை விரல் நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டு, வழக்கமாக ஓட்டும் நிலையில் ஏறி உட்காருங்கள். கருவி காட்டும் எண்ணை இன்னொருவர் பார்த்துச் சொல்வது நல்லது. நீங்களே குனிந்து பார்த்தால் எடை முன்னால் சாய்ந்து கணக்கு பிழையாகிவிடும். பிறகு முன்சக்கரத்தையும் அப்படியே அளந்து இரண்டையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

டயரின் அகலம்

டயரின் பக்கவாட்டில் 28-622, 40-635 என்பது போன்ற இணை எண்கள் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 700சி என்று சொல்லப்படும் சக்கரம் 622. நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஓடும் 28 × 1½ அங்குலச் சைக்கிளின் சக்கரம் 635. காற்றின் அளவைத் தீர்மானிக்க முதல் எண்தான் தேவை. எனினும் அகலமான ரிம்மில் மாட்டினால் அதே டயர் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விரிந்து நிற்கும். 28 என்று எழுதியிருப்பது 30ஆகவும் இருக்கக்கூடும். காற்று அடித்த பிறகு வெர்னியர் காலிப்பரால் அளந்து பார்த்து, அளந்த எண்ணையே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அகலமான டயருக்குக் குறைந்த அழுத்தம் போதும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். டயரின் துணிநெய்வில் உண்டாகும் இழுவிசை, அழுத்தத்தோடு அகலத்தையும் பெருக்கிய அளவில் வளர்கிறது. 25 மில்லிமீட்டர் டயரில் 80 பிஎஸ்ஐ உண்டாக்கும் இழுவிசையை 40 மில்லிமீட்டர் டயரில் 50 பிஎஸ்ஐயே உண்டாக்கிவிடும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து காற்று போதுமா என்று முடிவுசெய்வதில் உள்ள சிக்கலும் இதுவே: விரல் உணர்வது இந்த இழுவிசையை, உள்ளே இருக்கும் அழுத்தத்தை அல்ல. 80 உள்ள மெல்லிய டயரும் 50 உள்ள தடித்த டயரும் விரலுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். ஒரே டயரை ஆண்டுக்கணக்கில் தொட்டுப் பழகிய கைக்கு ஓரளவு தெரியும். மற்றவர்கள் விரலை நம்ப வேண்டாம்.

எண்ணுக்கு வருவோம்

ஃபிராங்க் பெர்ட்டோ என்ற அமெரிக்கர் பல டயர்களை எடை ஏற்றி அளந்து, எடை ஏறும்போது டயர் தன் உயரத்தில் 15 விழுக்காடு தாழும் அழுத்தமே நல்ல தொடக்கப் புள்ளி என்று வகுத்தார். இன்று வரை பலரும் அதையே அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். அதன்படி ஒரு சக்கரத்தின் மேல் 45 கிலோ எடை ஏறினால் 23 மில்லிமீட்டர் டயருக்குச் சுமார் 100 பிஎஸ்ஐ, 25க்கு 88, 28க்கு 73, 32க்கு 57, 35க்கு 49, 40க்கு 38 என்று வரும். உங்கள் சக்கரத்தின் மேல் 45 கிலோவுக்குக் கூடவோ குறைவாகவோ எடை இருந்தால், ஒவ்வொரு கிலோவுக்கும் 25 மில்லிமீட்டர் டயரில் 2 பிஎஸ்ஐயும், 28இல் ஒன்றே முக்காலும், 32இல் ஏறத்தாழ ஒன்றரையும், 40இல் 1 பிஎஸ்ஐயும் கூட்டியோ கழித்தோ கொள்ளுங்கள். பம்பில் பார் என்ற இன்னோர் அழுத்த அலகு மட்டும் இருந்தால் பிஎஸ்ஐ எண்ணை 14.5ஆல் வகுத்துக்கொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ளவர், 11 கிலோ ரோடு பைக்கில், தண்ணீரும் கருவிப் பையுமாக 4 கிலோவோடு, 28 மில்லிமீட்டர் டயரில் ஓட்டுகிறார். மொத்தம் 85 கிலோ. முன்சக்கரத்தில் 38 கிலோ, பின்சக்கரத்தில் 47 கிலோ. முன்சக்கரம் 45இலிருந்து 7 கிலோ குறைவு. ஆகவே 73இலிருந்து 12 கழித்தால் 61. பின்சக்கரம் 2 கிலோ கூடுதல். 73உடன் மூன்றரை சேர்த்தால் 76 அல்லது 77. இவருடைய டயரின் பக்கவாட்டில் 115 என்று எழுதியிருந்தாலும் இவருக்கு வேண்டியது 61, 76 என்ற இணைதான். இதுநாள் வரை இரண்டிலும் 110 அடித்து ஓட்டிவந்தவருக்கு முதல் நாள் இது மெதுவாகப் போவது போலத் தோன்றும். கைக்கு வரும் துடிப்பை மூளை வேகம் என்று எடுத்துக்கொள்வதால் வரும் மயக்கம் அது. வேகமானியைப் பார்த்தால் தெளிந்துவிடும்.

அலுவலகத்துக்கு ஹைபிரிட் சைக்கிளில் போகும் 75 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். சைக்கிள் 15 கிலோ, பின் கேரியரில் பை 5 கிலோ; மொத்தம் 95. நிமிர்ந்து உட்காருவதால் முன்னால் 38, பின்னால் 57. டயர் 35 மில்லிமீட்டர் என்றால் முன்னால் 40 பிஎஸ்ஐ, பின்னால் 63. இரண்டுக்கும் இடையில் இவ்வளவு வேறுபாடா என்று தயங்க வேண்டாம். எடையில் அந்த வேறுபாடு இருக்கிறது.

சாதாரணக் கறுப்புச் சைக்கிளில் தனியாகப் போகிறவருக்கு முன்னால் 30, பின்னால் 45 போதுமானது. அதே சைக்கிளின் கேரியரில் பள்ளிப் பிள்ளையோ பால் கேனோ ஏறினால் பின்சக்கரத்துக்குக் கணக்குப்படி 70 பிஎஸ்ஐ தேவை என்று வரும். அந்த டயரின் எல்லை அதைவிடக் குறைவாக இருந்தால் எல்லையோடு நின்றுகொண்டு, பள்ளங்களில் மெதுவாகப் போவதைத் தவிர வேறு வழியில்லை. அன்றாடம் இப்படிச் சுமை ஏற்றுபவர்கள், ரிம்முக்கும் மட்கார்டுக்கும் இடம் இருந்தால், இன்னும் அகலமான டயருக்கு மாறுவதே நல்லது.

எல்லையைப் பற்றி ஒரு கண்டிப்பான சொல். டயரில் எழுதியிருக்கும் அதிகபட்சத்தையும் ரிம்மில் எழுதியிருக்கும் அதிகபட்சத்தையும் பார்த்து, எது குறைவோ அதை மட்டுமே எல்லையாகக் கொள்ள வேண்டும். டயரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி மடிப்பு இல்லாத ஹுக்லெஸ் ரிம்களுக்கு 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ என்பதே உச்சம். அதை எந்தக் காரணத்துக்காகவும் மீறக் கூடாது. மேலே சொன்ன 70 கிலோ எடையுள்ளவரின் சைக்கிளில் ஹுக்லெஸ் ரிம் இருந்தால், பின்சக்கரத்துக்கு 76 என்ற கணக்கு செல்லாது. அவர் 30 அல்லது 32 மில்லிமீட்டர் டயருக்குத்தான் மாற வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் கொண்ட பழைய சைக்கிள்களில் ரிம்மின் பக்கம் தேய்ந்து உட்குழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மெலிந்த ரிம் அதிக அழுத்தத்தில் பிளந்துவிடக்கூடும்.

கணக்கைச் சரிபார்க்க நேரடி வழி ஒன்றும் உண்டு. சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓர் எஃகு அளவுகோலைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி, ரிம்மின் கீழ்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று யாரும் உட்காராத போது ஒரு படமும், நீங்கள் சுவரைத் தொட்டபடி உட்கார்ந்த பிறகு இன்னொரு படமும் கைப்பேசியில் எடுக்கச் சொல்லுங்கள். கைப்பேசி ரிம் விளிம்பின் உயரத்திலேயே இருக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் அளவு பிசகும். 28 மில்லிமீட்டர் டயரில் இரண்டு படங்களுக்கும் இடையில் 4 மில்லிமீட்டர் தாழ்வு இருந்தால் கணக்கு சரி. 32 மில்லிமீட்டருக்கு 5, 40க்கு 6. அழுத்தமானி இல்லாதவர்களுக்கும் இந்த வழி உதவும்.

சாலைக்கு ஏற்ப மாற்றுதல்

கணக்கில் கிடைத்தது தொடக்கம்தான். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற நல்ல தார்ச்சாலையில் நெடுந்தூரம் போகிறவர் கணக்கிட்ட அளவிலேயே இருக்கலாம். சிமென்ட் கட்டைகள் பதித்த தெருக்கள், பெயர்ந்த தார், சரளை ஆகியவை வழியில் அதிகம் இருந்தால் இரு சக்கரங்களிலும் 5 பிஎஸ்ஐ குறைத்துப் பாருங்கள். ஆனால் கூர்மையான விளிம்புள்ள பள்ளங்களும், வண்ணம் பூசாத வேகத்தடைகளும் நிறைந்த வழியில், குறிப்பாக இருட்டிய பிறகு ஓட்டுபவர்கள், பின்சக்கரத்தில் குறைக்க வேண்டாம். சொரசொரப்பு வேறு, பள்ளம் வேறு. சொரசொரப்புக்குக் காற்றைக் குறைப்பது மருந்து. பள்ளத்துக்கு அதுவே பஞ்சரை வரவழைக்கும். அன்றாடம் நகருக்குள் ஓட்டுகிறவருக்கு இதற்கான நிலையான தீர்வு, சைக்கிளில் இடம் இருக்கும் அளவுக்கு அகலமான டயர்தான். காற்றை மட்டும் கூட்டிக் குறைத்து அதற்கு ஈடுகட்ட முடியாது.

மழைக்காலத்தில் காற்றைக் குறைக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. கார் டயர் நீர்ப்படலத்தின் மேல் மிதந்து வழுக்குவதைப் போலச் சைக்கிள் டயரும் மிதக்கும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையில்லை. டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் அழுத்தத்தைப் பொறுத்தது. 60 பிஎஸ்ஐ உள்ள டயர் அந்த நிலைக்கு வர மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேலான வேகம் வேண்டும். ஈரச் சாலையில் நாம் வழுக்குவது ரப்பருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு குறைவதால். சுமார் 5 பிஎஸ்ஐ குறைத்தால் டயர் தரையின் சொரசொரப்பில் நன்றாகப் படிந்து ஓரளவு உதவும். சாலையில் பூசிய வெள்ளைக் கோடுகளிலும் பாதாளச் சாக்கடை மூடிகளிலும் எந்த அழுத்தமும் காப்பாற்றாது; அங்கே திருப்பாமலும் பிரேக் பிடிக்காமலும் நேராகக் கடப்பதே வழி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளங்கள் நீருக்குள் மறைந்துவிடும் தெருக்களில் ஓட்டுபவர்கள் முன்சக்கரத்தில் மட்டும் குறைத்து, பின்சக்கரத்தை அப்படியே விட்டுவிடலாம்.

உங்களுக்குப் பொருந்தும் அளவைக் கண்டுபிடிக்க, அன்றாடம் போகும் வழியில் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள, தரத்தில் நடுத்தரமான ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். கணக்கிட்ட அளவில் தொடங்கி, ஒவ்வொரு நாளும் முன்சக்கரத்தில் 3 பிஎஸ்ஐ குறைத்துக்கொண்டே வாருங்கள். வளைவில் ஹேண்டில்பார் தாமதமாகத் திரும்புவது போலவோ, பிரேக் பிடிக்கும்போது முன்டயர் பக்கவாட்டில் நெளிவது போலவோ தோன்றும் முதல் நாளில் நிறுத்தி, 5 பிஎஸ்ஐ ஏற்றிக்கொள்ளுங்கள். அடுத்து பின்சக்கரம். நின்றுகொண்டு பெடல் மிதிக்கும்போது சைக்கிள் துள்ளினாலோ, வேகத்தடையில் ரிம் இடிக்கும் ஓசை கேட்டாலோ அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள் என்று பொருள். உள்ளங்கை மரத்துப்போவதும், மேடு ஏறும்போது பின்சக்கரம் பிடி நழுவி உதறுவதும், சிறு கல் பட்டாலும் சைக்கிள் பக்கவாட்டில் எகிறுவதும் காற்று மிகுதியாக இருப்பதன் அறிகுறிகள். ஒரே நேரத்தில் இரு சக்கரங்களையும் மாற்றினால் எந்த மாற்றம் எதனால் வந்தது என்று தெரியாமல் போய்விடும்.

டியூப் இல்லாத டியூப்லெஸ் அமைப்பில் பாம்புக்கடிப் பஞ்சருக்கு இடமில்லை. ஆகவே மேற்சொன்ன அளவுகளிலிருந்து இன்னும் 5 முதல் 10 பிஎஸ்ஐ வரை குறைக்கலாம்.

பம்பும் வால்வும்

இவ்வளவு கணக்கிட்ட பிறகு அழுத்தமானி இல்லாத பம்பால் அடிப்பது வீண். காலால் மிதித்துப் பிடித்துக்கொள்ளும், அழுத்தமானி உள்ள நிலைப் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது ஒவ்வொரு சைக்கிளோட்டிக்கும் நல்லது. 160 பிஎஸ்ஐ வரை காட்டும் வட்டமானியில் 40ஐயும் 44ஐயும் வேறுபடுத்திப் பார்ப்பது கடினம். அகலமான டயர் வைத்திருப்பவர்கள் குறைந்த அளவுகளைத் தெளிவாகக் காட்டும் மானியையோ டிஜிட்டல் மானியையோ தேடி வாங்குங்கள். எந்த மானியும் சில பிஎஸ்ஐ பிசகக்கூடியதே. எப்போதும் ஒரே மானியைப் பயன்படுத்தினால் அந்தப் பிசகு உங்கள் கணக்குக்குள் அடங்கிவிடும்.

மெல்லிய பிரெஸ்டா வால்வில் முனையிலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, ஒரு முறை மெல்லத் தட்டிக் காற்றைச் சற்றே விட்ட பிறகு பம்பைப் பொருத்துங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் வால்வு திறந்து, மானி சரியாகக் காட்டும். பம்பை எடுக்கும்போது கேட்கும் சீறல் பெரும்பாலும் பம்பின் குழாயில் இருந்த காற்று. டயரின் காற்று போய்விட்டதென்று கவலைப்பட வேண்டாம். காரிலும் மோட்டார் சைக்கிளிலும் இருக்கும் ஷ்ரேடர் வால்வில் இந்தச் சடங்குகள் எதுவும் இல்லை. சாதாரணச் சைக்கிளின் வால்வில் வால்டியூப் என்ற மெல்லிய ரப்பர் குழல் காற்றை ஒரு வழியில் மட்டும் விடுகிறது. டயருக்குள் இருக்கும் அழுத்தம் அந்த ரப்பரைத் தாண்டிப் பம்பின் மானிக்கு வராது. ஆகவே மானி காட்டுவது பம்பின் குழாயில் உள்ள அழுத்தத்தை மட்டுமே. இந்த வகைச் சைக்கிளுக்குத்தான் அளவுகோலை வைத்துத் தாழ்வை அளக்கும் முறை மிகவும் பயன்படும். ஒன்றிரண்டு நாளிலேயே காற்று இறங்கினால், பஞ்சர் பார்க்கும் முன் வால்டியூபை மாற்றிப் பாருங்கள். வெயிலில் காய்ந்து விரிசல் விட்ட வால்டியூப் பல நேரங்களில் குற்றவாளியாக இருக்கும்.

பெட்ரோல் பங்கில் காற்று அடிக்க நேர்ந்தால் மிகுந்த கவனம் தேவை. 28 மில்லிமீட்டர் டயருக்குள் இருக்கும் இடம் ஒன்றேகால் லிட்டர்தான். கார் டயரை மனத்தில் வைத்து அமைத்த கம்பிரசர் அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் நிரப்பி, எல்லையையும் தாண்டிவிடக்கூடும். சிறுசிறு அழுத்தலாக, ஒவ்வொரு முறையும் நிறுத்தி அளந்து பார்த்து அடிக்கச் சொல்லுங்கள்.

வழியில் கார்பன் டை ஆக்சைடு குப்பியால் நிரப்பியிருந்தால், வீட்டுக்கு வந்ததும் அதை வெளியேற்றிவிட்டுக் காற்றை அடியுங்கள். அந்த வாயு, டியூப் செய்யப் பயன்படும் பியூட்டைல் ரப்பருக்குள் கரைந்து, காற்றைவிடப் பல மடங்கு வேகமாகக் கசிந்து போய்விடும். சாதாரணக் காற்றும் டியூபிலிருந்து மெல்லக் கசிந்துகொண்டுதான் இருக்கிறது. மெல்லிய டயரில் கொள்ளளவு குறைவு, அழுத்தம் அதிகம் என்பதால் இறக்கம் விரைவில் தெரியும். ரோடு பைக்குக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறையும், 35 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட டயருக்கு வாரம் ஒரு முறையும் பார்த்தால் போதும். லேட்டெக்ஸ் என்ற மெல்லிய இயற்கை ரப்பர் டியூப் போட்டிருப்பவர்கள் ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் பார்த்தே ஆக வேண்டும்.

வெயிலும் மலையும்

விடியற்காலை 27 டிகிரியில் 75 பிஎஸ்ஐ அடித்த டயர், நண்பகல் வெயிலில் நிறுத்தி வைத்துத் தானும் 57 டிகிரிக்குச் சூடேறினால், உள்ளே 84 பிஎஸ்ஐ ஆகிவிடும். டயரின் எல்லைக்குள் போதிய இடம் விட்டு அடித்திருந்தால் இதனால் தீங்கு எதுவும் இல்லை. எல்லையைத் தொட்டு அடித்திருந்தாலும், டியூபில் பழைய ஒட்டுகள் இருந்தாலும், ஹுக்லெஸ் ரிம்மாக இருந்தாலும் கவலைப்படத்தான் வேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களில் நிழலில் நிறுத்துவதும், எல்லைக்கு 10 பிஎஸ்ஐயாவது கீழே இருப்பதும் நல்ல பழக்கம்.

மலையேறுபவர்கள் உயரத்தைப் பற்றிக் கேட்பதுண்டு. கடல் மட்டத்தில் 30 டிகிரியில் 75 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு, 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகைக்கு 10 டிகிரிக் குளிரில் போய்ச் சேர்ந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானி மூன்றரை பிஎஸ்ஐ கூட்டிக் காட்ட வேண்டும். குளிர்ச்சியால் ஆறு பிஎஸ்ஐ குறைத்துக் காட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து 72, 73 என்ற அளவில் நிற்கும். மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும்.

இறக்கம்தான் ஆபத்தானது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ரிம் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் கையால் தொட முடியாத அளவுக்குக் கொதிக்கும். அந்த வெப்பம் டியூபுக்குப் போய் அழுத்தத்தை ஏற்றுவதோடு, ரப்பரையும் ஒட்டையும் இளக்குகிறது. இப்படிப்பட்ட இறக்கத்துக்கு முன் எல்லைக்கு வெகு கீழே காற்றை வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே வராமல், வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, வளைவில் விட்டுவிடுங்கள்; இரு பிரேக்குகளுக்கும் வேலையைப் பகிர்ந்து கொடுங்கள். சில வளைவுகளுக்கு ஒரு முறை நின்று ரிம் ஆற இடம் தாருங்கள். லேட்டெக்ஸ் டியூப்களையும் டிபியு என்ற நெகிழியால் ஆன டியூப்களையும் ரிம் பிரேக்கோடு இப்படிப்பட்ட இறக்கங்களுக்குக் கொண்டுபோக வேண்டாம். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் இந்த வெப்பம் ரிம்முக்கு வருவதில்லை.

குழந்தைகளின் 20 அங்குலச் சைக்கிளைப் பற்றி ஒரு சொல். அதன் தடித்த டயருக்கு 20 முதல் 25 பிஎஸ்ஐ போதும். பெரியவர்களின் சைக்கிளுக்கு அடித்த கையோடு அதற்கும் 50 அடித்துவிடுகிறோம். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது குதித்துக் குதித்து ஓடி, பிரேக் பிடித்தால் சறுக்குகிறது.

உங்கள் சைக்கிளுக்கான இரு எண்களும் முடிவானதும், சிறு காகிதத்தில் முன், பின் என்று எழுதிப் பம்பின் மேல் ஒட்டிவிடுங்கள். டயரை வேறு அகலத்துக்கு மாற்றினாலும், புதிதாகக் கேரியர் பொருத்தினாலும், உங்கள் எடை நான்கைந்து கிலோ கூடினாலும் குறைந்தாலும் கணக்கை மீண்டும் போட்டு அந்தக் காகிதத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.